வேலூரில் உணவகம் நடத்துபவருக்கு எந்த மது உரிமம் பொருந்தும்?

சத்துவாச்சாரியில் அறுபது பேர் அமரக்கூடிய அசைவ உணவகம் நடத்துவதாகவும், மாடியில் காலியாகக் கிடக்கும் கூடத்தில் மாலை வேளைகளில் பீரும் பிற மதுவகைகளும் பரிமாற விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் உங்கள் மைத்துனர் அங்கே உணவுடன் கூடிய பாருக்கான சி.எல்.9 உரிமம் வைத்திருப்பதால் அதைப் போன்ற ஒன்று இங்கும் இருக்கும் என்று சொல்கிறார். உள்ளூர் இடைத்தரகர் ஒருவரோ மன்றங்களுக்கான எஃப்.எல்.2 உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். இந்த நிலையில் எந்த உரிமத்துக்கு விண்ணப்பிப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. வேலூரில் இருபத்தைந்து ஆண்டுகளாக விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் வரி, உரிமம் தொடர்பான வேலைகளைச் செய்து வருபவன் என்ற முறையில் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கும் அறைகள் இல்லாத தனி உணவகத்துக்கு மது பரிமாறும் உரிமம் என்று ஒன்று தமிழ்நாட்டில் கிடையாது. ஆகவே உங்கள் முன் இருக்கும் கேள்வி எந்த உரிமம் என்பதைவிட, உங்கள் தொழில் எந்த வடிவத்தில் இருக்கிறது, அதை எந்த வடிவத்துக்கு மாற்ற நீங்கள் தயாராக இருக்கிறீர்கள் என்பதே.

இது ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டின் ஆயத்தீர்வைச் சட்டம் மது வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம். அங்கே சில்லறைக் கடைக்கு சி.எல்.2, மன்றத்துக்கு சி.எல்.4, தங்கும் விடுதிக்கு சி.எல்.7, உணவுடன் கூடிய பாருக்கு சி.எல்.9 என்று தொழிலுக்கேற்ற உரிமங்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கோ அடிப்படைச் சட்டமே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது அந்த ஆண்டு அக்டோபரில் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939 அக்டோபரில் நம் வடார்க்காட்டுக்கும் வந்தது. இடையில் எத்தனையோ முறை தளர்த்தப்பட்டும் மீண்டும் இறுக்கப்பட்டும் வந்தாலும் சட்டத்தின் அமைப்பு மாறவில்லை. மதுவை வைத்திருப்பதும் விற்பதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டவை, உரிமம் என்பது அந்தத் தடைக்கு அரசு தரும் விலக்கு என்பதே அதன் அடிப்படை. மது வணிகம் செய்வது குடிமகனின் அடிப்படை உரிமை ஆகாது, அது அரசு விரும்பினால் தரும் சிறப்புரிமை மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விலக்கின் வரையறைக்குள் நீங்கள் வரவில்லை என்றால், எவ்வளவு நேர்மையான வணிகராக இருந்தாலும் விண்ணப்பிக்க இடமில்லை.

சில்லறை விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. அன்று முதல் தனியார் மதுக்கடை என்பது இங்கே இல்லை. கள்ளுக்கும் 1987 முதல் தடை இருக்கிறது. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் 2024 அக்டோபரில் தனியாருக்குக் குலுக்கல் முறையில் கடைகள் ஒதுக்கப்பட்டதைப் பார்த்து, காட்பாடிக்காரர்கள் சிலர் இங்கும் அப்படி வருமா என்று என்னிடம் கேட்டார்கள். மது என்பது அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கும் பொருள். சித்தூரின் விதி கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டாது, அங்கே வாங்கிய பாட்டிலும் தாண்டக் கூடாது.

தனியாருக்குத் திறந்திருக்கும் வழிகள் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு மது உரிமம் மற்றும் அனுமதி விதிகளில் இருக்கின்றன. அவற்றில் உங்களைப் போன்றவர்களின் காதில் விழுபவை இரண்டு. எஃப்.எல்.2 என்பது உறுப்பினர்களுக்கு மட்டும் மது வழங்கும் மன்றங்களுக்கானது; மக்கள் வாயில் அது மனமகிழ் மன்றம். எஃப்.எல்.3 என்பது நட்சத்திர ஹோட்டல்களுக்கானது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல்களுக்கு 3ஏ என்று தனி வகை இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்தாது. 2023இல் மாநாட்டு அரங்குகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் நடக்கும் நிகழ்ச்சிகளுக்காகச் சிறப்பு உரிமம் ஒன்று சேர்க்கப்பட்டது. முதலில் வந்த அறிவிப்பில் திருமண மண்டபங்களும் இருந்தன; கடும் எதிர்ப்பு எழுந்ததும் அவை நீக்கப்பட்டன. ஆகவே மாடிக்கூடத்தைப் பிறந்தநாள் விழாவுக்கும் வரவேற்புக்கும் வாடகைக்கு விட்டு, அந்தச் சிறப்பு உரிமத்தில் மது பரிமாறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம்.

இடைத்தரகர் சொல்லும் எஃப்.எல்.2 பற்றித்தான் நான் நிறுத்தி, விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் இந்த மாவட்டத்தில் நல்ல மனிதர்கள் பணத்தை இழந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்த உரிமத்தின் உயிர்நாடி, மன்றம் எந்தத் தனிநபருக்கும் சொந்தமானதாக இருக்கக் கூடாது என்பது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கம் அமைக்கலாம். ஆனால் சங்கம் பதிவானதாலேயே மது உரிமம் கிடைத்துவிடாது. மன்றம் உண்மையிலேயே இயங்க வேண்டும், உறுப்பினர் பதிவேடு இருக்க வேண்டும், உறுப்பினர் சேர்க்கை துணைவிதிப்படி நடக்க வேண்டும், பொதுக்குழு கூட வேண்டும், செயற்குழு மாறினால் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வருமானம் சங்கத்தின் நோக்கங்களுக்கே செலவாக வேண்டும். தனி ஆள் லாபமாக எடுத்துச் செல்ல வழியில்லை. இறகுப்பந்து ஆடவும், சீட்டாடவும், செய்தித்தாள் படிக்கவும் கூடும் நண்பர்கள் தங்களுக்குள் மது அருந்த ஒரு சலுகை என்ற எண்ணத்தில் அமைந்த உரிமம் இது. தெருவில் போகிற எவரும் உள்ளே வந்து பணம் கொடுத்துக் குடிக்கும் இடத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது.

இடைத்தரகர்கள் செய்வது என்னவென்றால், ஏற்கெனவே உரிமம் பெற்று இப்போது முடங்கிக் கிடக்கும் ஒரு மன்றத்தைப் பிடித்து, அதன் முகவரியை உங்கள் கட்டடத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். செயற்குழுவில் உங்கள் பெயரைச் செயலாளராகப் போட்டுவிட்டு, மன்றத்துக்கும் உங்களுக்கும் இடையே மேலாண்மை ஒப்பந்தம் என்ற பெயரில் ஒரு தாள் எழுதுவார்கள். வாடிக்கையாளர் உள்ளே நுழையும்போது பத்து ரூபாயோ இருபது ரூபாயோ வாங்கிக்கொண்டு தற்காலிக உறுப்பினர் சீட்டு கிழித்துக் கொடுக்கச் சொல்வார்கள். என்னிடம் கணக்கு வைத்திருந்த ஒருவர் இப்படித்தான் ஒரு மன்றத்தை எடுத்து, உட்புற அலங்காரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் தன் மனைவியின் நகையை அடகு வைத்துச் செலவழித்தார். பதினோரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பழைய செயற்குழுவினர் இருவர், தங்கள் கையெழுத்து இல்லாமலே நிர்வாகம் மாற்றப்பட்டதாகப் புகார் கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் முதலில் கேட்டது உறுப்பினர் பதிவேட்டை. அதில் இருந்த பெயர்களுக்கும் அன்று அமர்ந்து குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தொடர்பே இல்லை. மன்றம் மூடப்பட்டது. அவர் செலவழித்த பணத்தை யாரிடமும் கேட்க முடியவில்லை, ஏனென்றால் சட்டப்படி உரிமம் மன்றத்தினுடையது, அவர் அதில் ஒரு செயலாளர் மட்டுமே. அந்த மேலாண்மை ஒப்பந்தமோ, மன்றம் தனிநபரின் தொழிலாக நடந்தது என்பதற்கு அவரே எழுதிக் கொடுத்த சாட்சியாக மாறியது. அவருக்கு நான் முன்கூட்டியே இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

அடுத்து எஃப்.எல்.3. உண்மையான வணிக நோக்குடன் மது பரிமாற விரும்புபவருக்கு நேர்மையான வழி இதுதான், ஆனால் நீண்ட வழி. இதற்கு முதலில் ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திரத் தகுதி வேண்டும். அமைச்சகத்தின் தரவகைப்பாட்டுக் குழு நேரில் வந்து பார்த்துத்தான் அதைத் தரும். வாடகைக்கு விடக்கூடிய அறைகள் குறைந்தது பத்தாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் வெளிப்புறம் திறக்கும் சாளரம் வேண்டும், குளியலறை அளவு, சாய்தளம், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, தீத்தடுப்பு, ஊழியர் பயிற்சி என்று பட்டியல் நீளும். தகுதி ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் விண்ணப்பிக்கும்போது மது பரிமாறும் ஹோட்டல், மது பரிமாறாத ஹோட்டல் என்ற இரண்டு பிரிவுகளில் எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் மாடிக்கூடத்தோடு பின்புறக் காலிமனையையும் சேர்த்து இருபது அறைகள் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேலூரின் விடுதித் தொழிலை அறிந்தவன் என்ற முறையில் இதில் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். இங்கே அறை எடுப்பவர்களில் பெரும்பாலோர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளும் உறவினர்களும், அடுத்தபடியாக வி.ஐ.டி.யில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரும், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வரும் பக்தர்களும். இவர்களில் யாருமே பார் இருக்கும் விடுதியைத் தேடி வருபவர்கள் அல்லர். பலர் அது இருந்தால் வேறு விடுதிக்குப் போய்விடுவார்கள். ஆகவே அறைகளின் வருமானமும் பாரின் வருமானமும் ஒன்றையொன்று தாங்கும் என்று கணக்குப் போடாமல், அறைகள் தனியாகவே தங்கள் கடனை அடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் நட்சத்திரத் தகுதிக்காகச் செலவழிக்க வேண்டும்.

இடம் சரியா என்பதை அதற்கும் முன்னதாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன பாலு என்பவரின் வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி விளிம்பிலிருந்தோ அணுகுசாலையின் விளிம்பிலிருந்தோ 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, இருபதாயிரம் பேர் அல்லது அதற்குக் குறைவாக வசிக்கும் உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அந்தத் தொலைவை 220 மீட்டராகக் குறைத்தது. அதே சமயம் இந்தத் தடை கடைகளுக்கு மட்டுமின்றி ஹோட்டல், பார்களுக்கும் பொருந்தும் என்றும் தெளிவுபடுத்தியது. பிறகு 2017 ஜூலையில், நகராட்சி எல்லைகளுக்குள் இருக்கும் உரிமம் பெற்ற இடங்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று விளக்கம் தந்தது. சத்துவாச்சாரி இப்போது வேலூர் மாநகராட்சியில் சேர்ந்திருப்பதால், பெங்களூர் சாலைக்கு அருகில் இருப்பது மட்டுமே உங்களுக்குத் தடையாகாது. அதுவே பொய்கை போன்ற ஊராட்சிப் பகுதியில், நெடுஞ்சாலையோரம் மலிவாகக் கிடைக்கிறது என்று மனை வாங்கியிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. கோயில், மசூதி, தேவாலயம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து டாஸ்மாக் கடையும் அதனுடன் இணைந்த பாரும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் பிற பகுதிகளில் 100 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள் சொல்கின்றன. ஹோட்டலுக்கு விண்ணப்பிப்பவரும் இந்த அளவுகளை நில அளவையரை வைத்து அளந்து, வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது. அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் எழுப்பும்போது முதலில் வரும் கேள்வி அதுதான்.

எந்த மாவட்டத்தில் விண்ணப்பிப்பது என்பதிலும் பழைய பழக்கத்தால் பிழை நேர்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், ஆற்காடும் வாலாஜாவும் அரக்கோணமும் இராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே இருக்கின்றன. உங்களுக்கு வேலூர் ஆட்சியர் அலுவலகம்தான். அங்குள்ள கலால் உதவி ஆணையர் பிரிவின் வழியாக விசாரணை நடந்து, சென்னையில் உள்ள மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையருக்குக் கோப்பு போகும். காவல்துறை, வருவாய்த்துறை, தீயணைப்புத்துறை அறிக்கைகள் ஒவ்வொன்றும் அதற்குரிய காலத்தை எடுத்துக்கொள்ளும். உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். உரிமக் கட்டணத்தோடு சிறப்புரிமைக் கட்டணமும் உண்டு. கூட்டாளி மாறினாலும், நிறுவனத்தின் அமைப்பு மாறினாலும் அனுமதி பெறாமல் உரிமம் தானாக மாறிவிடாது. ஆகவே உங்கள் மைத்துனரைக் கூட்டாளியாகச் சேர்ப்பது என்றால் விண்ணப்பிக்கும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

வரி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் ஜி.எஸ்.டி.யில் சிறு வணிகர்களுக்கான இணக்கமுறைத் (காம்போசிஷன்) திட்டத்தின் கீழ் விற்றுமுதலில் ஐந்து சதவீதம் கட்டி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திட்டம் மது பரிமாறாத உணவகங்களுக்கு மட்டுமே. மது பரிமாறத் தொடங்கிய நாளிலிருந்து வழக்கமான முறைக்கு மாறி, மாதந்தோறும் அல்லது காலாண்டுக்கொரு முறை முழுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். மனிதர் அருந்தும் மது ஜி.எஸ்.டி. வரம்புக்குள்ளேயே வராது, அது 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தின் கீழ் வரும். எனவே ஒரே மேசைக்கு உணவுக்கு ஒரு ரசீதும் மதுவுக்கு ஒரு ரசீதும் தர வேண்டியிருக்கும், இரண்டு பதிவுகளும் இரண்டு கணக்குகளும் வைக்க வேண்டியிருக்கும். மதுவை டாஸ்மாக் கிடங்கிலிருந்து மட்டுமே வாங்க முடியும் என்பதால், கொள்முதல் விலையில் பேரம் பேச இடமில்லை; லாபத்தைக் கணக்கிடும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். அளவுக்குப்பிகள் முப்பது, அறுபது மில்லியாகச் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரையோடு இருக்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் மதுவையும் சேர்க்க வேண்டும்.

அறைகள் கட்டும் வசதி இல்லாதவர்கள் சிலர் டாஸ்மாக் கடையுடன் இணைந்த பாரை ஏலத்தில் எடுக்கலாமா என்று கேட்பதுண்டு. அங்கே நீங்கள் மதுவை விற்பதில்லை; வாடிக்கையாளர் கடையில் வாங்கி வந்து உங்கள் இடத்தில் அமர்ந்து குடிக்கிறார். தின்பண்டங்கள் விற்கவும் காலிப் பாட்டில்களைச் சேகரிக்கவும்தான் உங்களுக்கு உரிமை; அதற்காக மாதாமாதம் நிறுவனத்துக்குத் தொகை கட்டுகிறீர்கள். கட்டட உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் ஏலம் எடுத்துச் சிக்கியவர்கள் உண்டு. பாட்டில் வருமானத்தை நம்பி அதிக விலை கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் பத்து ரூபாய் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்து வருகிறது; அது வரும் இடத்தில் பாட்டில் கணக்கே மாறிவிடும். உங்கள் உணவகத்தின் பெயரையும் குடும்ப வாடிக்கையாளர்களையும் பார்க்கும்போது இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உரிமம் வரும்வரை வாடிக்கையாளர்கள் தாங்களே பாட்டில் கொண்டுவந்து குடிக்கட்டும், நாம் கோப்பையும் சோடாவும் மட்டும் கொடுப்போம் என்ற யோசனையையும் கைவிடுங்கள். உரிமம் இல்லாத இடத்தில் குடிக்க அனுமதிப்பதே குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் திருத்தத்தின் மூலம் கடுமையாக்கப்பட்டிருக்கின்றன. கம்மவான்பேட்டைப் பக்கத்து நண்பர் ராணுவ கேன்டீன் பாட்டில் கொண்டுவந்தாலும் நிலைமை அதேதான். அது அவருடைய சொந்த உபயோகத்துக்குத் தரப்பட்டது, உங்கள் மேசைக்கு வரக் கூடாது. நாளை உரிமம் கேட்கும்போது உங்கள் பெயரில் ஒரு மதுவிலக்கு வழக்கு இருந்தால் காவல்துறை அறிக்கையே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, அந்த முன்பணத்தைக் கொடுக்காமல் இருப்பது. பிறகு, வேலூர் ஆட்சியர் அலுவலகத்தின் கலால் பிரிவுக்கு நேரில் சென்று, உங்கள் மனையின் வரைபடத்தைக் காட்டி, எஃப்.எல்.3 உரிமத்துக்கு இந்தப் பகுதியில் இன்றைய தேதியில் எத்தனை நட்சத்திரத் தகுதியும் எத்தனை அறைகளும் எவ்வளவு கட்டணமும் தேவை என்பதைத் திருத்தப்பட்ட விதிகளின் நகலோடு கேட்டு வாங்குங்கள். கட்டணங்கள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால் பழைய தாளை நம்பக் கூடாது. கட்டடக் கலைஞரிடம் பேசுவதும் வங்கியில் கடன் கேட்பதும் அதற்குப் பிறகு. இடைத்தரகர் விடாமல் வற்புறுத்தினால், அவர் சொல்லும் மன்றத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு இரண்டு விண்ணப்பங்கள் எழுதி, அந்த மன்றத்துக்கு நடப்பு ஆண்டில் எஃப்.எல்.2 உரிமம் புதுப்பிக்கப்பட்டுள்ளதா, எந்த முகவரிக்கு, அதன் மீது நடவடிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று கலால் அலுவலகத்திடமும், செயற்குழுவில் கடைசியாகத் தாக்கலான பெயர்கள் எவை என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திடமும் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த இரண்டு பதில்களும் கைக்கு வந்த பின் எனக்கு எழுதுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.